மெலிவின் குரல்: வால்வும் பேஸ் கிதாரும் மதுரை மேடைகளும்

பண்ணையும் யாழையும் பற்றி எழுதிப் பழகிய நாம், ஒரு மின்பெட்டியை விலைகொடுத்து வாங்குவதைப் பற்றி எழுத நேரும் என்று எண்ணியதில்லை. அதற்குக் காரணமானவர் நம்மிடம் முதுகலைத் தமிழ் பயின்ற ஒரு மாணவர். சோழவந்தான் பக்கத்துச் சிற்றூர்க்காரர். பகலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. திருவிழாக் காலத்து இரவுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பு. சென்ற தை மாதத்தில் வீட்டிற்கு வந்தவர், தயங்கித் தயங்கி இப்படிச் சொன்னார்:

"ஐயா, நாலு வருசமா மேடையேறி வாசிக்கிறேன். எங்கம்மா கடைசி வரிசையில உக்காந்து முழுக் கச்சேரியும் கேட்டுட்டு, 'எல்லாரு வாசிக்கிறதும் கேக்குது, நீ வாசிக்கிறது மட்டும் கேக்கலையேப்பா'ங்கிறாங்க."

அவர் கையில் சில ஆயிரம் ரூபாய் சேமிப்பு இருந்தது. வால்வு ஒலிபெருக்கியின் நாதத்தைத் தரும் ப்ரீஆம்ப் பெடல் ஒன்றை, அதாவது கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே வைத்துக் காலால் இயக்கும் சிறு முன்பெருக்கிப் பெட்டியை, வாங்க விரும்பினார். உள்ளே உண்மையான வால்வு இருந்தால்தான் அந்த நாதம் வரும் என்கிறார்கள் சில நண்பர்கள். வால்வைப் போல ஒலிக்கும் மலிவான பெட்டியே போதும் என்கிறார்கள் வேறு சிலர். "நீங்க வரலாறு பாத்துச் சொல்லுவீங்கல்ல ஐயா" என்று அவர் சொன்னது விளையாட்டாகத்தான். ஆனால் இயற்பியல் துறை நண்பர் ஒருவரின் துணையோடு பழைய செய்திகளைத் தேடத் தொடங்கியபோது, அக்கேள்விக்கான விடை உண்மையிலேயே வரலாற்றில்தான் இருக்கிறது என்று தெரிந்தது.

தமிழிசை மூன்று தானங்களைக் கூறும்: மெலிவு, சமன், வலிவு. தாழ்ந்த ஒலிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் மெலிவு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் கருவிகள் ஒன்றையொன்று தொடரும் வரிசை சொல்லப்படுகிறது. குழலைப் பின்பற்றி யாழ், யாழைப் பின்பற்றித் தண்ணுமை, தண்ணுமையைப் பின்பற்றி முழவு, முழவோடு கூடி ஆமந்திரிகை. வரிசையின் பின்னே நிற்கும் தோற்கருவிகளைத் தவிர்த்துவிட்டு அந்த அரங்கை நினைத்துப் பார்க்க இயலாது. இன்றும் மிருதங்கக் கலைஞர் கச்சேரிக்கு முன் இடப்பக்கமான தொப்பியில் ரவையை நீர்விட்டுக் குழைத்து அப்புவதைப் பார்க்கிறோம். அந்தப் பிடி ரவை தோலின் அதிர்வைக் கனக்கச் செய்து நாதத்தைத் தாழ்த்துகிறது. தாழ்ந்த ஒலியைத் தன் செவிக்கேற்பப் பதப்படுத்திக்கொள்வது நம் கலைஞருக்குப் பழைய வழக்கம். அதற்கு அவர்கள் கையாண்டதும் மலிவான பொருளே.

ஆனால் திறந்தவெளி மேடை மெலிவுக்கு இடம் தரவில்லை. மனிதச் செவி தாழ்ந்த ஒலியை உணர்வதற்கு மிகுந்த ஆற்றலைக் கேட்கும் இயல்புடையது. ஆகவே ஒலிபெருக்கி இல்லாத காலத்து நாடக மேடை வலிவின் மேடையாக இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிய காலத்தில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்சத்தில் பாடுவது நடிகர்க்கு இன்றியமையாத தகுதி. 1933இல் இளவயதிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் புகழ் அத்தகைய அரங்குகளில் பிறந்ததே.

இந்நிலையை மாற்றியது வால்வு. 1904இல் இங்கிலாந்தில் ஜான் பிளெமிங், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் கண்ணாடிக் குமிழைச் செய்தார். நீர்க்குழாயின் ஒருவழி அடைப்பைப் போல வேலை செய்ததால் அதற்கு வால்வு என்று பெயர். 1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது மின்வாயைச் சேர்த்தார். சிறு சைகையைப் பெரிதாக்கும் ஆற்றல் அதிலிருந்து கிடைத்தது. அமெரிக்கர் இக்குமிழை ட்யூப் என்பர். நாமோ ஆங்கிலேயர் வழியில் வால்வு என்றோம். நம் ஊர்களில் குழாய் என்றால் கோயில் வேப்பமரத்தில் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கி! இக்கட்டுரையிலும் அவ்வாறே வழங்குவோம்.

1930களிலும் 40களிலும் காங்கிரஸ் கூட்டங்களின் நிழற்படங்களைப் பார்த்தவர்கள், தலைவர்களின் முகத்துக்கு முன்னால் ஒலிவாங்கியில் சிகாகோ ரேடியோ என்ற பெயரைக் கண்டிருப்பார்கள். பெயர்தான் சிகாகோ, நடத்தியவர்கள் மோட்வானே என்ற இந்தியக் குடும்பத்தார். 1931இல் காளிதாஸ் வெளிவந்தபின் பேசும்படக் கொட்டகைகள்தோறும் வால்வுப் பெருக்கிகள் வந்தன. 1952இல் பராசக்தியோடு திறக்கப்பட்ட மதுரைத் தங்கம் திரையரங்கில், ஈராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் ஒரு வசனத்தைக் கேட்க முடிந்ததும் இந்தக் கண்ணாடிக் குமிழ்களால்தான். அந்த அரங்கம் இன்று இல்லை. பெங்களூரில் 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960களில் வால்வுகளை இங்கேயே செய்தது. டெல்லியின் அஹுஜா போன்ற நிறுவனங்களின் பெருக்கிகள் சிற்றூர்களின் ரேடியோ செட்டுக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. நம் தாத்தா வீட்டு வால்வு ரேடியோவில் குமிழைத் திருகியதும் பாட்டு வராது. "சூடேறட்டும்" என்பார். சற்று நேரத்தில் உள்ளே செம்மஞ்சள் ஒளி தெரியும்; அதன்பின் ஒலி மெல்ல எழும். வால்வின் ஒலி வெதுவெதுப்பானது என்று இன்று பலர் சொல்லக் கேட்கும்போதெல்லாம் நமக்கு அந்த ஒளிதான் நினைவுக்கு வருகிறது.

இனி பேஸ் கிதாரின் கதை. 1951இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் பிரிசிஷன் பேஸ் என்ற மின்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்த கலைஞருக்கு, தோளில் மாட்டிக்கொள்ளும் நான்கு தந்திக் கருவி கிடைத்தது. அதன் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. அந்த ஒலியைச் சுமக்க 1952இல் அவரே பாஸ்மேன் பெருக்கியைச் செய்தார். 1960இல் ஆம்பெக் நிறுவனத்தின் பி-15 வந்தது. மைதானக் கச்சேரிகளின் தேவைக்கென 1969இல் அதே நிறுவனம் செய்த எஸ்.வி.டி. 300 வாட் ஆற்றலுடையது. 14 வால்வுகள் கொண்டது. பெருக்கி மட்டுமே 40 கிலோவுக்கு நெருங்கிய எடை. இன்றுவரை பேஸ் கலைஞர் மனத்தில் வால்வு நாதம் என்றால் இதுதான்.

ஆனால் இதே காலத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த ஒன்றை நம் மாணவருக்கு முதலில் சொன்னோம். மோட்டவுன் பாடல்களின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன். அக்காலத்துப் பேஸ் நாதத்துக்கே இலக்கணமாகச் சொல்லப்படுபவர். அவருடைய கிதார் பெரும்பாலும் பெருக்கி எதன் முன்னும் ஒலிவாங்கி வைத்துப் பதியப்படவில்லை. கிதாரின் கம்பி ஒரு சிறு பெட்டி வழியாக நேரே ஒலிப்பதிவு மேசைக்குப் போனது. உலகம் வியந்த அந்த நாதத்துக்கு 40 கிலோ தேவைப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அத்தனை பாடல்களில் வாசித்த அக்குழுவினரின் பெயர்கள் 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றில்தான் முறையாக அச்சாயின.

தமிழகத்திலும் மெலிவை வாசித்தவர் பெயர் வெளியே தெரிய நெடுநாள் ஆயிற்று. அன்றைய மதுரை மாவட்டத்தின், இன்றைய தேனி மாவட்டத்தின், பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசனும் தம்பியரும் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடித் திரிந்த காலத்தில் அவர்களுக்கு வாய்த்தவை இத்தகைய ரேடியோ செட்டுகளே. அத்தம்பியருள் ஒருவரான இளையராஜா சென்னை சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை கற்று, 1976இல் அன்னக்கிளி மூலம் இசையமைப்பாளரானார். கிதார்க் கலைஞராகவும் விளங்கிய அவருடைய பாடல்களில் பேஸ் கிதார் வெறும் தாளத்துணையாக நில்லாமல், பாட்டுக்கு எதிர்நடை போடும் இன்னொரு குரலாயிற்று. அவற்றை வாசித்த சசிதரனின் பெயர் பாடலைக் கேட்டவரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 1990களில் ஏ. ஆர். ரகுமானின் ஒலிநாடா உறைகளில் வாத்தியக்காரர் பெயர்கள் இடம்பெற்றபோதுதான் கீத் பீட்டர்ஸ் போன்ற பேஸ் கலைஞரைப் பொதுவாசகர் அறிந்தனர்.

அப்பாடல்களை மேடையில் வாசிக்க வேண்டிய கடமை மதுரைச் சுற்றுவட்டார மெல்லிசைக் குழுக்களுக்கு வந்தது. கருவியும் வந்தது. 40 கிலோ பெருக்கி வரவில்லை. வந்திருந்தாலும் வேனில் இடமில்லை. ஆகவே பேஸ் கிதாரின் கம்பி, பாடகரின் ஒலிவாங்கியைச் செருகும் அதே துளையில் செருகப்பட்டது. இங்கே இரண்டு இடர்ப்பாடுகள். கிதாரின் காந்தச் சுருள், தன் எதிரே 10 லட்சம் ஓம் அளவுக்கு உயர்ந்த மின்தடை இருந்தால்தான் முழுமையாக ஒலிக்கும். ஒலிவாங்கித் துளையில் இருப்பது சில ஆயிரம் ஓம் மட்டுமே. ஆகவே நாதம் புறப்படும்போதே மங்கிவிடுகிறது. இரண்டாவது, நம் குழாய். கூம்பு ஒலிபெருக்கி தூரத்துக்குப் பேச்சைக் கொண்டுசெல்ல உருவானது. சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே அதன் வாய் அடைத்துக்கொள்ளும். 41 அதிர்வுள்ள ஒலி அதில் வெளியே வருவதே இல்லை. மேடையருகே பெரிய பெட்டிகள் வைத்தாலும், ஊர்க்கோடியில் இருப்பவருக்கு எட்டுவது குழாயின் ஒலிதான். மாணவரின் அம்மா சொன்னது உண்மை. அவர் காதில் பிழையில்லை.

அப்படியானால் வால்வு அங்கே என்ன செய்யும்? இயற்பியல் நண்பர் விளக்கியது நமக்கு வியப்பாக இருந்தது. வால்வைச் சற்று மிகையாக வேலை வாங்கும்போது அது அலையின் முகட்டை வெட்டாமல் மழுக்குகிறது. மழுங்கிய அலையில் மூல ஒலியின் மடங்குகள் புதிதாகச் சேர்கின்றன. 41 அதிர்வுடன் 82, 123, 164 என மேலொலிகள் எழுந்து, அவற்றின் மேல்வரிசை குழாயின் வாய்க்குள் நுழையும் எல்லையைத் தொடுகிறது. மேலொலிகளை வரிசையாகக் கேட்கும் செவி, கேளாத அடிச்சுரத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும் இயல்புடையது. சிறிய கைப்பேசியின் ஒலியில்கூட நாம் பேஸை 'உணர்வது' இதனால்தான். பொறியாளர் தொடக்கத்தில் குறையென்று கருதி நீக்க முயன்ற திரிபு அது. இசைக்கலைஞரின் செவிக்கு அதுவே இனித்தது. வெதுவெதுப்பு என்று நாம் கொண்டாடுவது, மெலிவான ஒலி தொலைவுக்குப் போய்ச் சேர அணிந்துகொண்ட மேலாடை என்று சொல்லலாம்.

இவ்வாறு பார்த்தால் மாணவரின் கேள்வியே மாறிவிடுகிறது. கண்ணாடிக் குமிழ் உள்ளே இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. மேலொலிகள் இதமாக எழுகின்றனவா, எழும்போது அடிச்சுரம் கெடாமல் இருக்கிறதா என்பதே முதற்கேள்வி.

1947இல் டிரான்சிஸ்டர் பிறந்தபின் வால்வு மெல்ல விலகியது. இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலேயே அது பெரிதும் செய்யப்படுகிறது. 1989இல் நியூயார்க்கில் ஆண்ட்ரூ பார்ட்டா டெக் 21 நிறுவனத்தின் சான்சாம்ப் என்ற சிறு பெட்டியைக் கொண்டுவந்தார். வால்வு இல்லாமலேயே வால்வுப் பெருக்கியின் மழுக்கத்தை மின்சுற்றால் வரவழைத்த பெட்டி அது. பேஸுக்கென அதே வழியில் அவர்கள் செய்த பேஸ் டிரைவர் உலக மேடைகளில் நிலைபெற்றது. அதன் விலை நம் மாணவருக்கு எட்டாதது. பின்னர் பெரிங்கர் நிறுவனம் அதே அமைப்புமுறையில் பி.டி.ஐ.21 என்ற பெட்டியைப் பன்மடங்கு குறைந்த விலையில் விற்றது. பேஸ் டிரைவரின் முதல் வடிவிலும் இதிலும் ஒரே ஆறு திருகுகள்: அளவு, கலப்பு, மேலொலி, கீழொலி, மழுக்கம், துலக்கம். முன்னதன் உடல் உலோகம். பின்னதன் உடல் நெகிழி.

உண்மையான வால்வு உள்ள மலிவுப் பெட்டிகளும் உண்டு. ஆர்ட் நிறுவனத்தின் ட்யூப் எம்.பி. அவ்வகையில் பலரறிந்தது. அதனுள் இருப்பது 12ஏஎக்ஸ்7 என்னும் இரட்டை வால்வு. பழைய பெருக்கிகளில் இவ்வால்வு 200 வோல்ட்டுக்கும் மேல் வேலை செய்தது. மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அதற்குக் கிடைப்பது அரைவயிற்றுக் கஞ்சி. அப்போது அது பழைய வால்வைப் போல ஒலிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒளிர்வது தெரியட்டும் என்று வால்வின் பின்னால் சிறு விளக்கு வைத்த பெட்டிகளும் சந்தையில் உண்டு. தாத்தாவின் ரேடியோவை நினைத்து நாமே ஒருகால் அவ்வொளியில் மயங்கியிருப்போம்!

டவுன்ஹால் சாலைப் பக்கம் ஒரு கடையில் மாணவரும் நாமும் நண்பரும் ஒரு பிற்பகல் முழுதும் நின்றோம். பார்க்க வேண்டியவை என்று நாங்கள் எழுதி வைத்துக்கொண்டவை நான்கு. முதலாவது, கலப்புத் திருகு. மழுக்கிய ஒலியோடு மழுக்காத ஒலியையும் வேண்டிய அளவு சேர்க்க அது உதவும். அது இல்லாத பெட்டி கிதாருக்குப் பொருந்தலாம். பேஸின் அடிச்சுரத்தைத் தின்றுவிடும். இரண்டாவது, டி.ஐ. எனப்படும் நேரடி வெளிவாய். கிதாரின் சைகையை, ஒலிவாங்கிக் கம்பியில் நெடுந்தூரம் இரைச்சலின்றிப் போகும் சமநிலைச் சைகையாக அது மாற்றித் தரும். மேடையிலிருந்து ஒலிமேசை எங்கோ பந்தலின் மூலையில் இருக்கும் நம் ஊர்களில் இது இன்றியமையாதது. மூன்றாவது, எர்த் இணைப்பைத் துண்டிக்கும் சிறு பொத்தான். ஜெனரேட்டரும் சீரியல் விளக்குகளும் சேர்ந்து எழுப்பும் உறுமலை அடக்கப் பலசமயம் அதுவே போதும். நான்காவது, மின்சாரம். 9 வோல்ட் சதுர பேட்டரியிலும் ஓடுமானால் நல்லது. அடாப்டர் என்றால் செருகியின் நடுமுனை எதிர்மின்னா நேர்மின்னா என்று பெட்டியில் பொறித்திருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். ஐம்பது ரூபாய் அடாப்டர் மாறிச் செருகப்பட்டால் சேமிப்பு முழுதும் புகையாகும்.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தபோது வால்வு இல்லாத மலிவுப் பெட்டியே தேறியது. ஆயினும் மாணவர் ஒரு பரீட்சை வைத்தார். பெரிய ஒலிபெருக்கியில் கேட்க மறுத்து, கடைக்காரரிடம் மிகச் சிறிய, பழைய ஒலிப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதில் பெட்டி இல்லாமல் ஒருமுறையும் பெட்டியோடு ஒருமுறையும் அதே நடையை வாசித்தார். முன்னதில் தந்தியைத் தட்டும் ஓசைதான் கேட்டது. பின்னதில் சுரம் கேட்டது. மழுக்கத் திருகை முழுதும் திருப்பியபோது கரகரத்தது. கால்பங்குக்குச் சற்று மேலே நிறுத்தினார். நாம் சொன்ன வரலாறு அனைத்தையும்விட இந்தப் பரீட்சை சிறந்தது என்று ஒப்புக்கொள்கிறோம். எந்த இடத்தில் கேட்கப்போகிறார்களோ அந்த இடத்துச் செவியால் தெரிவு செய்வதுதான் முறை. நெகிழி உடல் உடையாமலிருக்க, பெட்டியை ஒரு மரப்பலகையில் திருகாணி போட்டு இறுக்கிக்கொண்டார்.

சித்திரையில் அவர் ஊர் மாரியம்மன் பொங்கலுக்கு அழைத்திருந்தார். மேடைக்கு முன்னால் நமக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நாம் அங்கே அமரவில்லை. கோயிலுக்கு எதிர்ப்புறம், பூக்கட்டும் கடையருகே, குழாய் கட்டிய வேப்பமரத்தடியில் அவருடைய அம்மா அமர்ந்திருந்த இடத்துக்குப் போனோம். மூன்றாவது பாட்டு நடந்துகொண்டிருந்தது. குழாயில் பாடகரின் குரலுக்கு அடியில் இன்னொரு நடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா சற்று நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சார், பாட்டுக்குக் கீழ ஒண்ணு ஓடுதே, அதா எம்மவன் வாசிக்கிறது?" என்றார்.

"ஆமாம்மா, அதுதான்" என்றோம்.

"அப்ப எல்லாப் பாட்டுலயும் இது உண்டா?"

உண்டு என்றோம். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பாட்டு முடியும்வரை பூவைக் கட்டாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மேடையில் குழுவினரை அறிமுகம் செய்த அறிவிப்பாளர் வழக்கம்போல் பாடகர்களோடு நிறுத்திக்கொண்டார். அதை மாற்றும் பெட்டி எதுவும் கடைகளில் இல்லை.